தளம் போடும் நாளில் லிஃப்ட் மிஷின்: எதைப் பார்க்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது?

குடவாசல் பக்கம் தை அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வந்ததும் இரண்டு வேலைகள் தொடங்கும். ஒன்று கல்யாணம், இன்னொன்று வீடு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டாவின் கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளும் என்ன பாடுபட்டன என்பதைப் பார்த்தவர்கள், எப்படியாவது ஒரு கான்கிரீட் தளம் போட்டுவிட வேண்டும் என்று நினைப்பதில் வியப்பில்லை. கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில், குடவாசல் வழியாகத் திருவாரூர் போகும் சாலையில் மாசி, பங்குனி மாதங்களில் போனால், மிக்சர் மிஷினை இழுத்துச் செல்லும் டிராக்டர் ஒன்றாவது கண்ணில் படும்.

தளம் போடும் நாள் வீட்டுக்காரருக்கு விசேஷ நாள். விடியற்காலையில் மிஷினுக்குச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி வேலை தொடங்கும். அதற்குப் பிறகு மாலை வரை நிற்க நேரம் இருக்காது. கலவை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நின்றால் போட்ட கான்கிரீட்டுக்கும் போடப்போகும் கான்கிரீட்டுக்கும் ஒட்டு வராது. அந்த அவசரத்தில்தான், காலையில் சூடம் காட்டிய மிஷினின் ரோப்பையோ பிரேக்கையோ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு காலத்தில் சாரத்தில் வரிசையாக நின்று, கைக்குக் கை சட்டி மாற்றிக் கலவையை மேலே ஏற்றியவர்கள் சித்தாள்கள். இப்போது அந்த வேலையை லிஃப்ட் மிஷின் செய்கிறது. முதுகு வலி குறைந்திருக்கிறது. ஆனால் ஆபத்தின் உருவம் மாறியிருக்கிறது. முன்பு கை தவறினால் விழுந்தது ஒரு சட்டி. இப்போது விழுவது கால் டன்.

இரண்டு வகை மிஷின்

சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் பெரும்பாலும் இரண்டு வகைகள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது, மிக்சரோடு சேர்ந்த லிஃப்ட். டீசல் என்ஜின் டிரம்மைச் சுற்றும். டிரம்மில் சுற்றிய இரும்பு ரோப், கட்டடத்தை ஒட்டி நிறுத்திய இரும்புக் கம்பத்தின் உச்சியில் உள்ள கப்பியில் ஏறி இறங்கி பக்கெட்டைத் தூக்கும். ஆபரேட்டர் கிளட்ச் லீவரைப் போட்டால் ஏறும், பிரேக்கைத் தளர்த்தினால் இறங்கும்.

இரண்டாவது, மினி லிஃப்ட் அல்லது மினி கிரேன். மொட்டை மாடி விளிம்பில் ஒரு இரும்புக் கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கரண்ட் மோட்டாரில் ஓடும். செங்கல், மணல், டைல்ஸ், பூச்சுக் கலவை ஏற்ற இதுதான்.

இரண்டிலும் அடிப்படை ஒன்றே: கிணற்றடிச் சகடை. ஆனால் கிணற்றில் வாளி தவறினால் தண்ணீரில் விழும். இங்கே கீழே ஆள் நிற்கிறார்.

கப்பிக்கு இரண்டு மடங்கு பாரம்

‘இன்னும் ரெண்டு சட்டி போடு, தாங்கும்’ என்பது எல்லா வேலையிடத்திலும் கேட்கும் பேச்சு. தாங்குமா என்பதற்குக் கணக்கு உண்டு.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2.4 கிலோ. ஆக 100 லிட்டர் கொள்ளும் பக்கெட்டை நிரப்பினால் கலவை மட்டும் 240 கிலோ. பக்கெட்டின் சொந்த எடை 40 கிலோ என்று வைத்தால் ரோப்பில் தொங்குவது 280 கிலோ.

உச்சியில் உள்ள கப்பி தாங்குவது அந்த 280 கிலோவை மட்டுமல்ல. ஒரு பக்கம் பக்கெட் இழுக்கிறது. மறுபக்கம் அதே அளவு பலத்தோடு மிஷின் இழுக்கிறது. இரண்டும் கீழ்நோக்கித்தான். எனவே கப்பிக்கும், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கும், கம்பத்துக்கும் சுமார் 560 கிலோ பாரம். லீவரைச் சட்டென்று போட்டு வெடுக்கென இழுத்தால் அந்த நொடியில் இதையும் தாண்டும். பக்கெட்டைத் தாங்கியதே, கப்பி தாங்காதா என்று கட்டுக்கம்பியால் கப்பியைக் கட்டிவைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

மிஷினில் எவ்வளவு எடை வரை தூக்கலாம் என்று தகட்டில் எழுதியிருக்கும். அந்த எடையில் பக்கெட்டும் சேர்த்தி. தகடு இல்லாத மிஷினை வாடகைக்கு எடுத்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல. எத்தனை கிலோ தூக்கும் என்பதுதான்.

பின்னால் எத்தனை மூட்டை?

மினி கிரேனில் ரோப் அறுவதைவிட அஞ்ச வேண்டிய விபத்து, மிஷினே மாடியிலிருந்து கவிழ்ந்து விழுவது. பின்பக்கம் எதிர் எடையாக மணல் மூட்டை வைப்பார்கள். எத்தனை மூட்டை என்பது பெரும்பாலும் கண் மதிப்பு.

இதற்கும் கணக்கு எளிது. தராசுத் தட்டு மாதிரிதான். விளிம்பிலிருந்து வெளியே 1 மீட்டர் நீட்டிய கையில் 200 கிலோ தொங்குகிறது என்று வைப்போம். பின்பக்க எடை, விளிம்பிலிருந்து உள்ளே 1.5 மீட்டரில் இருக்கிறது. சமநிலைக்கு மட்டும் தேவை 200 × 1 ÷ 1.5, அதாவது 133 கிலோ. ஆனால் சமநிலை என்பது கவிழ்வதற்கு ஒரு நூல் முந்தைய நிலை. பக்கெட் சாரத்தில் மாட்டிக்கொண்டு மோட்டார் இழுத்தால் முன்பக்கப் பாரம் சட்டென்று கூடும். எனவே குறைந்தது மூன்று மடங்காவது வைப்பது விவேகம்: 400 கிலோ. 40 கிலோ மூட்டை என்றால் 10 மூட்டை.

மூட்டையை அடுக்கினால் மட்டும் போதாது. மிஷினின் சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். வெயிலில் சாக்கு இற்றுப்போய் மணல் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ‘மணல் குறையுது, அந்த மூட்டையைப் பிரிச்சுக் கொட்டு’ என்று யாரும் எடுத்துவிடாமல் இருக்க, அந்த மூட்டைகளில் மட்டும் சிவப்புச் சாயம் பூசி வைக்கலாம். முடிந்த இடத்தில் தளத்திலோ தூணிலோ போல்ட் போட்டுப் பிடிப்பது இதைவிட நல்லது. கைப்பிடிச் சுவரில் மிஷினைச் சாய்த்துக் கட்டவே கூடாது. அரைச் செங்கல் சுவர் இந்த இழுப்புக்காகக் கட்டியது அல்ல.

ரோப் சொல்லும் சேதி

இரும்பு ரோப் ஒரே நாளில் அறுவது அபூர்வம். அதற்கு முன்பே சேதி சொல்லும். பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

ஒரு ரோப் என்பது பல மெல்லிய கம்பிகளின் கட்டு. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 6 புரிகள், ஒவ்வொரு புரியிலும் 19 கம்பிகள், மொத்தம் 114. கப்பியில் ஏறி வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, ஒவ்வொன்றாக அறுபடும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான மத்திய விதிகள் (1998) இதற்கு ஒரு அளவுகோல் வைத்துள்ளன. ரோப்பின் குறுக்களவைப் போல 8 மடங்கு நீளத்தில், கண்ணுக்குத் தெரியும் அறுந்த கம்பிகள் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ரோப்பைப் பயன்படுத்தக் கூடாது. 10 மி.மீ. ரோப் என்றால் 80 மி.மீ. நீளம், ஒரு சாண் அளவுகூட இல்லை. அதற்குள் 11 கம்பிகளுக்கு மேல் அறுந்திருந்தால் கழற்றிப் போட வேண்டியதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பான ஒருவர் பரிசோதிக்க வேண்டும். ஒரு கம்பி அறுந்திருந்தாலே மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன.

பார்ப்பது எப்படி? மிஷினை நிறுத்திவிட்டு, கையில் தோல் உறை போட்டு, ஒரு பழைய துணியால் ரோப்பைப் பிடித்து மெதுவாக நகர்த்தினால் போதும். அறுந்த கம்பி துணியில் மாட்டி இழுக்கும். வெறுங்கையால் தடவினால் கையைக் கிழித்துவிடும். மிஷின் ஓடும்போது ரோப்பைத் தொடவே கூடாது.

இவற்றில் எது தெரிந்தாலும் ரோப்பை மாற்ற வேண்டும்:

• 10 மி.மீ. ரோப் தேய்ந்து 9 மி.மீ. ஆகியிருப்பது.

• முறுக்கு மடிந்து முடிச்சு போல நிற்பது. நிமிர்த்தினாலும் அந்த இடம் பலவீனம்தான்.

• புரிகள் பிரிந்து பறவைக் கூண்டு போல உப்பியிருப்பது.

• உள்ளே வரை துரு ஏறி, வளைத்தால் சிவப்புப் பொடி உதிர்வது.

அறுந்த ரோப்பை முடிச்சுப் போட்டு ஓட்டுவது சில இடங்களில் நடக்கிறது. கயிற்றுக்குத்தான் முடிச்சு, இரும்பு ரோப்புக்கு முடிச்சே கிடையாது.

ரோப்பின் நுனியைப் பிடித்திருக்கும் யு கிளாம்ப்பிலும் தவறு சகஜம். குறைந்தது மூன்று கிளாம்ப் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே ரோப்பின் குறுக்களவைப் போல 6 மடங்கு இடைவெளி. கிளாம்ப்பின் அகலமான அடிக்கட்டை பாரம் இழுக்கும் ரோப்பின் மேலும், யு வளைவு சும்மா நிற்கும் நுனியின் மேலும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் யு வளைவு பாரம் தாங்கும் ரோப்பையே நசுக்கும். முதல் பாரம் தூக்கி இறக்கியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். இழுபட்டதும் ரோப் சற்று மெலியும்.

பக்கெட் தரையில் இருக்கும்போதும் டிரம்மில் குறைந்தது இரண்டு சுற்று ரோப் மிச்சம் இருக்க வேண்டும். கடைசிச் சுற்றும் அவிழ்ந்தால் மொத்தப் பாரமும் நுனியைப் பிடித்த ஒரு போல்ட்டின் மேல் வந்துவிடும்.

பிரேக்கும் மழையும்

டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மிஷின்கள் மாதக்கணக்கில் மழையில் நனைந்தபடி தெருவோரம் கிடக்கும். தை பிறந்து முதல் வேலை வந்ததும் டீசல் ஊற்றிச் சுற்றிவிடுவார்கள். என்ஜின் ஓடிவிட்டால் மிஷின் நல்லாயிருக்கு என்று அர்த்தமில்லை. பிரேக் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

மிக்சர் லிஃப்ட்டில் பிரேக் என்பது டிரம்மை இறுக்கிப் பிடிக்கும் பட்டை. லைனிங் நனைந்தாலோ, அதில் கிரீஸ் பட்டாலோ வழுக்கும். பாரத்தோடு பக்கெட்டைப் பிரேக்கிலேயே விட்டு இறக்கிக்கொண்டிருந்தால் லைனிங் சூடேறிப் பிடி தளரும். கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

கரண்ட் மோட்டார் மிஷினில் நல்ல பிரேக், கரண்ட் போனதும் தானாகப் பிடிக்கும். உள்ளே உள்ள ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும். கரண்ட் வந்தால் மட்டும் விலகும். பாரம் தூக்கிய நிலையில் சுவிட்சை விட்டதும் பக்கெட் அப்படியே நிற்க வேண்டும். நழுவினால் பிரேக் தேய்ந்துவிட்டது.

எந்த மிஷினாக இருந்தாலும் தினமும் காலையில் ஒரே சோதனை போதும். அன்று தூக்கப்போகும் முழு எடையோடு பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு அடி மட்டும் தூக்கி, ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். அசையாமல் நின்றால் வேலை தொடங்கலாம். ஒரு அங்குலம் இறங்கினாலும் அன்று வேலை இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

மூன்று பேஸ் மோட்டாரில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வேறு இடத்தில் இணைப்புக் கொடுக்கும்போது இரண்டு வயர் இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். மேலே போகும் பொத்தானை அழுத்தினால் கீழே வரும். அதைவிட மோசம், உச்சியில் நிறுத்த வேண்டிய லிமிட் சுவிட்ச் அப்போது வேலை செய்யாது. ஒவ்வொரு இடத்திலும் முதலில் வெறும் பக்கெட்டில் ஏற்றி இறக்கிப் பார்ப்பது இதற்காகத்தான்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் வோல்டேஜ் குறைவு. சுவிட்சை உடனே விட வேண்டும். மெல்லிய வயரில் தெருக்கோடியிலிருந்து கரண்ட் இழுத்தாலும் இதுவே நடக்கும். மண்ணில் ஊன்றிய எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவு பாதுகாப்புச் சுவிட்சும் இல்லாமல், ஈரத்தில் நிற்கும் இரும்பு மிஷினுக்குக் கரண்ட் கொடுப்பது உயிரோடு விளையாடுவது.

காலடியில் களிமண், தலைக்கு மேல் கம்பி

டெல்டாவின் களிமண் காய்ந்தால் பாறை, நனைந்தால் சேறு. காலையில் உறுதியாக நின்ற கம்பம், மிக்சரிலிருந்து வழியும் தண்ணீரில் மதியத்துக்குள் ஒரு பக்கம் புதையலாம். கம்பத்தின் அடியில் ஜல்லி பரப்பி, மேலே கனமான பலகை போட்டு, அதன்மேல்தான் நிறுத்த வேண்டும். தண்ணீர் விலகி ஓட ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். கம்பத்தைக் கட்டடத்தோடு கட்ட வேண்டும், சாரத்தோடு அல்ல. சாரம் ஆள் நிற்பதற்காகக் கட்டியது.

அடுத்தது மின்கம்பி. குடவாசல் போன்ற ஊர்களின் குறுகிய தெருக்களில் கம்பிகள் வீட்டை ஒட்டியே போகும். மத்திய மின்சார ஆணைய விதிகளின்படி, சாதாரணத் தெருக்கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 ஆயிரம் வோல்ட் கம்பி என்றால் மேலே 3.7 மீட்டர். இது நிலையாக நிற்கும் கட்டடத்துக்கு. ஆடும் பக்கெட்டுக்கும், நிமிர்த்தும்போது சாயக்கூடிய கம்பத்துக்கும் இதைவிட அதிகம் தேவை. இடைவெளி போதாது என்றால் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கம்பியில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லித்தான் வேலை செய்ய வேண்டும். மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987.

ஆள் ஏறலாமா?

கூடாது. ‘படி இன்னும் கட்டலை, பக்கெட்லயே ஏறி வந்துடு தம்பி’ என்ற ஒரு வார்த்தையில் உயிர் போகும்.

1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் ஒரு மேடையில் ஏறி நின்று, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை விழவில்லை, பற்கள் பக்கவாட்டில் கவ்வி நிறுத்தின. அன்றிலிருந்து ஆள் ஏறும் லிஃப்ட்டுக்கு அந்தக் கவ்வி கட்டாயமாகிவிட்டது. நம்மூர் மினி லிஃப்ட்டிலும் மிக்சர் லிஃப்ட்டிலும் அப்படி எதுவும் இல்லை. ரோப் ஒன்றுதான். அது போனால் எல்லாம் போச்சு. இரண்டாவது தளத்தின் உயரம், சுமார் 7 மீட்டரிலிருந்து விழும் பக்கெட் 1.2 விநாடியில் தரையைத் தொடும். அப்போதைய வேகம் மணிக்கு 42 கி.மீ. ஓட நேரமில்லை.

ஆட்களுக்கென்றே உள்ள லிஃப்ட்களிலும் கவனம் தவறினால் என்னவாகும் என்பதை 2023 செப்டம்பர் காட்டியது. 10-ம் தேதி மகாராஷ்டிர மாநிலம் தாணேயில் 40 மாடிக் கட்டடத்தின் வேலை லிஃப்ட் விழுந்து 7 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மொட்டை மாடியில் வேலை முடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அடுத்த ஐந்தாவது நாள் கிரேட்டர் நொய்டாவில் இன்னொரு கட்டுமான லிஃப்ட் விழுந்தது. முதல் நாளே 4 பேர் இறந்தனர். பின்னர் எண்ணிக்கை கூடியது.

கீழே நிற்பவர் யார்?

பக்கெட்டுக்குக் கீழே நிற்பவர் பெரும்பாலும் ஒரு சித்தாள். கலவையை வாரிப் போடுவதும், சிதறியதைக் கூட்டி அள்ளுவதும் அவர் வேலை. பக்கெட் தரையை விட்டுக் கிளம்பியதும் அவர் விலகி நிற்க இடம் இருக்க வேண்டும். பக்கெட்டைச் சுற்றி கயிறு கட்டி எல்லை வைப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க உள்ளே வராமல் தடுப்பது, எல்லோருக்கும் ஹெல்மெட் ஆகியவை குறைந்தபட்சம். ஆனால் 280 கிலோவுக்கு ஹெல்மெட் பதில் அல்ல. விலகி நிற்பதே பதில்.

மேலே பக்கெட்டை வாங்குபவருக்கும் ஆபத்து உண்டு. எட்டிப் பிடிக்கும்போது அவரையும் சேர்த்து இழுத்துவிடும். விளிம்பில் இடுப்புயரத் தடுப்பும், உடலோடு கட்டிய பாதுகாப்பு பெல்ட்டும் வேண்டும்.

சைகை கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். ‘ஏத்து’, ‘எறக்கு’ என்று நாலு பேர் கத்தினால், என்ஜின் சத்தத்தில் ஆபரேட்டருக்கு எது காதில் விழும்? ஆனால் ‘நிறுத்து’ என்று மட்டும் யார் சொன்னாலும், சித்தாள் அக்கா சொன்னாலும், உடனே நிறுத்த வேண்டும். ஆபரேட்டர் லீவரை விட்டு டீ குடிக்கப் போவதானால் பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

பராமரிப்பு: எப்போது எதை?

தினமும்: ரோப், கிளாம்ப், கொக்கியின் பூட்டு, கப்பியின் போல்ட், எதிர் எடை, கம்பத்தின் அடி. பிறகு ஒரு அடி தூக்கும் சோதனை. மாலையில் பக்கெட், கப்பி, டிரம்மில் ஒட்டிய கலவையைக் கழுவ வேண்டும். கப்பிப் பள்ளத்தில் இறுகிய சிமென்ட், அரம் போல ரோப்பைத் தேய்க்கும்.

வாரம் ஒருமுறை: பிரேக் லைனிங்கின் கனம், கிளட்ச், பெல்ட், எல்லா நட்டுகளும், வயர் மேலுறை. சுற்றும் பாகங்களின் மூடி இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சேலைத் தலைப்பும் துண்டும் மாட்டும் இடம் அது.

மாதம் ஒருமுறை: ரோப்பை முழுவதுமாக அவிழ்த்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரோப்புக்கான எண்ணெய் பூச வேண்டும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில் வேண்டாம். அதிலுள்ள உலோகத் தூளும் அமிலமும் ரோப்பை அரிக்கும். எண்ணெயும் கிரீஸும் பிரேக் பக்கம் போகக் கூடாது.

மழைக்காலம் முடிந்ததும்: மெக்கானிக்கை வைத்து முழுச் சோதனை. விதிகளின்படி தூக்கும் கருவிகளைத் தகுதி பெற்றவர் ஆண்டுக்கு ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும்.

இவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால் போதும். வாடகைக்கு எடுப்பவர் அந்த நோட்டைக் கேட்கலாம்.

சட்டம் யாருக்கு?

கட்டுமானத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் 1996-ல் வந்தது. ஆனால் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கும், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் ஒருவர் தனக்காகக் கட்டும் வீட்டுக்கும் அந்தச் சட்டம் பொருந்தவில்லை. அது 2020-ம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கொண்டுவரப்பட்டபோது, சொந்த வீட்டுக்கான வரம்பு இன்னும் உயர்த்தப்பட்டது. அதாவது மினி லிஃப்ட் அதிகம் ஓடும் சின்ன வீட்டு வேலைகளில் பல, சட்டத்தின் கண்ணுக்கு வெளியேதான் நடக்கின்றன. ஆய்வாளர் வந்து பார்ப்பார் என்று காத்திருக்க முடியாது.

தொழிலாளர்கள் செய்துகொள்ளக்கூடிய ஒன்று உண்டு. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு இந்தப் பதிவு தேவை. கொத்தனார் மட்டுமல்ல, சித்தாளும் லிஃப்ட் ஆபரேட்டரும் பதிவு செய்யலாம். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் உடனே புதுப்பிப்பது நல்லது.

விபத்து நடந்துவிட்டால் முதலில் மிஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு தூக்கலே காலை முடக்கிவிடும். கரண்ட் பிடித்தவரைத் தொடுவதற்கு முன் கரண்டை நிறுத்த வேண்டும்.

மொத்தத்தில், தளம் போடும் காலையில் இவ்வளவுக்கும் ஆகும் நேரம் கால் மணி. ரோப்பைத் துணியால் தடவிப் பார்க்கப் பத்து நிமிடம். மூட்டைகளை எண்ண இரண்டு நிமிடம். ஒரு அடி தூக்கி நிறுத்திப் பார்க்க ஒரு நிமிடம். வீட்டுக்காரர் மேஸ்திரியிடம், ‘அண்ணே, அவசரமில்லை, பார்த்துட்டே ஆரம்பிங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கால் மணி நேரம் தானாகக் கிடைத்துவிடும். சூடம் காட்டும் நேரத்தோடு அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.